அடுத்தடுத்து இரண்டு கப்பல் பயணமா? இடைப்பட்ட நாளுக்கென்று யாருக்கும் பணம் கட்டாதீர்கள்

சிங்கப்பூரிலிருந்து ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணம் போக நினைப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். முதல் பயணம் முடிந்து கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும் நாளில் காலையில் பழைய பயணிகள் இறங்குவார்கள், மதியத்துக்குள் புதியவர்கள் ஏறத் தொடங்குவார்கள். இரண்டு பயணத்துக்கும் டிக்கெட் வைத்திருக்கிற நம்மைப் போன்றவர்கள் அன்றைக்கு இரண்டும் கெட்டான் நிலையில் நிற்போம். அந்த ஒரு நாளைக் காட்டிக் கோவையில் ஒரு பயண ஏஜென்ட் எங்களிடம் பணம் பறித்தார். பறித்ததோடு விட்டிருந்தால் தொலைந்து போகட்டும் என்று இருந்திருப்பேன். அவருடைய ஏற்பாட்டினால்தான் அந்த நாளே நாசமானது.

ரசீதில் அந்த வரி இப்படி இருந்தது: 'இடைநாள் உதவிச் சேவை, ஆளுக்கு ரூ. 6,500'. நான், மனைவி, மாமியார் என்று மூன்று பேர். அது என்ன சேவை என்று கேட்டேன். "சார், நீங்கள் கப்பலைவிட்டு இறங்கவே வேண்டாம். இரண்டு பயணத்துக்கும் பால்கனி வைத்த ஒரே அறை. ஒருவேளை அறை மாறினாலும் எங்கள் ஆள் பெட்டிகளைக் கொண்டுபோய் வைத்துவிடுவார். புதுக் கூட்டம் ஏறுவதற்கு முன்பே நீங்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிடலாம்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு தெரிந்துகொண்டது இதுதான்: அவர் சொன்னவற்றில் உண்மையாக இருந்ததெல்லாம் கப்பல்காரர்கள் காசு வாங்காமல் செய்து தருவது. மீதி பொய்.

முறையாக நடந்தால் அந்த நாள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களோடு காலை உணவு மேசையில் பழகிய ஒரு பினாங்குத் தம்பதிக்கு எல்லாம் முறையாக நடந்தது. அவர்களும் எங்களைப் போலவே இரண்டாவது பயணத்தைத் தொடர்கிறவர்கள். முதல் நாள் மாலையே அவர்கள் அறைக்கு ஒரு கடிதம் வந்துவிட்டது. காலையில் எத்தனை மணிக்கு எந்தக் கூடத்தில் கூட வேண்டும், கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அவர்களுக்கும் அறை மாறியது. ஆனால் பெட்டியைக் கட்டி அறைக்குள்ளேயே வைத்தால் போதும், அலமாரியில் தொங்கும் துணிகளை அப்படியே விட்டுவிடலாம், அறைப் பணியாளரே எடுத்துக்கொண்டு போய் அடுத்த அறையில் மாட்டிவிடுவார் என்று சொல்லிவிட்டார்கள். காலையில் புதிய அறை அட்டையைக் கையில் கொடுத்து, ஒரு பணியாளர் முன்னால் நடக்க, கும்பலாக இறங்கிக் குடிநுழைவு (இமிக்ரேஷன்) சோதனையை முடித்துவிட்டு, முனையத்தில் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு, புதியவர்கள் யாரும் ஏறுவதற்கு முன்பே திரும்பிவிட்டார்கள். இதற்கு அவர்கள் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை.

கவனித்தீர்களா? அவர்களும் இறங்கினார்கள். "இறங்கவே வேண்டாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். மயாமி, ஃபோர்ட் லாடர்டேல் போன்ற அமெரிக்கத் துறைமுகங்களில் ஒரு பயணிகூட மிச்சமில்லாமல் கப்பல் காலியாகிக் கணக்கு பூஜ்யம் ஆன பிறகுதான் அடுத்த பயணிகளை ஏற்றுவார்கள். மற்ற ஊர்களில் நடைமுறை துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறும். அதை முடிவு செய்வது அந்த நாட்டுக் குடிநுழைவுத் துறை. கோவையில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவர் அல்ல.

எங்கள் அறைக்கு அந்தக் கடிதம் வரவில்லை. அதற்குப் பதிலாக, இறங்குகிறவர்கள் பெட்டியில் கட்ட வேண்டிய வண்ணச் சீட்டு வந்தது. சந்தேகம் வந்து ஏஜென்டைத் தொலைபேசியில் பிடித்தேன். "அதையே கட்டி இரவு அறை வாசலில் வைத்துவிடுங்கள் சார், எங்கள் ஆள் பார்த்துக்கொள்வார்" என்றார். கப்பலில் அவருக்கு ஆளும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அந்தச் சீட்டு கட்டிய பெட்டி கப்பலைவிட்டு வெளியே போகும் பெட்டி. இரவோடு இரவாக அள்ளிக்கொண்டு போய், விடிந்ததும் முனையத்தில் இறக்கிவிடுவார்கள். எங்கள் மூன்று பெட்டிகளும் அப்படித்தான் போயின. மாமியாருடைய சர்க்கரை மாத்திரை அதில் ஒரு பெட்டியில் இருந்தது.

காலையில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் பட்டியலை மேலும் கீழும் இரண்டு முறை பார்த்தார். தொடர்ந்து பயணம் செய்கிறவர்கள் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை, எட்டு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும் என்று மரியாதையாகவே சொன்னார். வெளியே போகும் வாசலில் அறை அட்டையை இயந்திரத்தில் காட்டினால் 'போய் வருக' என்கிற மாதிரி ஒரு மணி அடிக்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அந்த அட்டை வெறும் பிளாஸ்டிக். மாமியார் என்னைப் பார்த்து, "என்ன மாப்பிள்ளை, நம்மை இறக்கிவிட்டுவிட்டார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மரினா பே கப்பல் முனையம் 2012இல் திறந்த பெரிய கட்டடம். பெட்டிக் கூடத்தில் சீட்டின் வண்ணப்படி நூற்றுக்கணக்கான பெட்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. அதில் பாதி கறுப்பு, மீதியில் பாதி நீலம். எங்களுடையதும் நீலம். கைப்பிடியில் மஞ்சள் நூல் கட்டியிருந்ததால் ஒருவழியாகக் கண்டுபிடித்தோம். மாமியார் மாத்திரை போட்டுக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டபோது பத்து மணி தாண்டிவிட்டது. யார் என்ன சொன்னாலும் மாத்திரை, கண்ணாடி, பாஸ்போர்ட், ஒரு மாற்றுத் துணி ஆகியவை கைப்பையில் உங்களோடு இருக்கட்டும்.

நடுவில் குடிநுழைவுச் சோதனை. சிங்கப்பூருக்கு ஒவ்வொரு முறை நுழையும்போதும் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற மின்படிவத்தை நிரப்ப வேண்டும். நுழைவதற்கு முன், வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பலாம். கட்டணம் கிடையாது. குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் சொந்தத் தளத்திலேயே இலவசமாக நிரப்பலாம். காசு கேட்கும் போலித் தளங்களைப் பற்றி ஆணையமே எச்சரித்திருக்கிறது. எங்கள் ஏஜென்ட் இதற்கும் ஆளுக்கு 1,200 ரூபாய் வாங்கியிருந்தார். வாங்கியவர் விமானத்தில் வந்து இறங்கிய முதல் நுழைவுக்கு மட்டும்தான் நிரப்பியிருந்தார். கப்பலில் திரும்பி வருவதும் ஒரு நுழைவு என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் விட்டுவிட்டாரா, அது அவருக்கே வெளிச்சம். வரிசையை விட்டு ஒதுங்கி நின்று, மூன்று பேருக்கும் கைபேசியில் நானே நிரப்பினேன். கப்பலின் இணைய இணைப்பு முதல் பயணத்தோடு முடிந்துவிட்டது. ரோமிங் போட்டுத்தான் காரியம் நடந்தது. மாமியாரின் பாஸ்போர்ட் எண்ணில் பூஜ்யத்தை எழுத்தாக நினைத்து அடித்துவிட்டு, அதைக் கண்டுபிடித்து மறுபடியும் தொடங்கினேன். அந்த நேரத்தில் ஏஜென்ட் எதிரில் இருந்திருந்தால் நடந்திருக்கக் கூடியதை இங்கே எழுத முடியாது.

இதை ஒட்டி விசாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமானத்தில் வந்து இறங்குவது ஒரு நுழைவு, முதல் கப்பல் பயணம் முடிந்து வருவது இரண்டாவது, இரண்டாவது பயணம் முடிந்து வருவது மூன்றாவது. ஆகவே இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குப் பலமுறை நுழைவு விசா வேண்டும். அச்சிட்டுத் தரும் விசாத் தாளிலேயே ஒருமுறையா பலமுறையா என்று இருக்கும். ஏஜென்ட் வாயால் சொல்வதைக் கேட்காதீர்கள், தாளைப் பாருங்கள். இந்த ஒன்றை மட்டும் அவர் சரியாகச் செய்திருந்தார்.

எங்கள் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்பது மதியம் பதிவு மேசையில்தான் தெரிந்தது. தமிழ்க் குடும்பங்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். முதல் பயணத்துக்குப் பதிவு செய்தபோது அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது பயணத்தில் வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ எங்கள் மூவருக்கும் குடும்பப் பெயர் என்ற இடமே காலி. இரண்டு பதிவுகளையும் இரண்டு வெவ்வேறு இடைத்தரகர்கள் வழியாக, எங்கே மலிவோ அங்கே வாங்கியிருக்கிறார் நம் ஏஜென்ட். ஆகவே கப்பல் கணினிக்கு முதல் பயணத்தில் வந்தவர் ஒருவர், இரண்டாவதில் வருகிறவர் வேறொருவர். இரண்டு பதிவுகளையும் இணைக்கச் சொல்லி ஒரு மின்னஞ்சல் போட்டிருந்தால் போதும், எங்களுக்கும் கடிதம் வந்திருக்கும். 19,500 ரூபாய் வாங்கியவர் அந்த ஒரு மின்னஞ்சலைப் போடவில்லை.

பிற்பகலில் புதியவர்களோடு புதியவர்களாக வரிசையில் நின்று, பெட்டிகளை மறுபடியும் ஒப்படைத்துவிட்டு ஏறினோம். நீச்சல் குளத்தருகே பினாங்கு அம்மையார் ஈரத் தலையோடு கையசைத்தார். எங்கள் புதிய அறையில் பால்கனி இல்லை, ஜன்னலும் இல்லை. அறை எண் குறிக்காமல், கப்பல் நிறுவனம் கடைசியில் கொடுக்கிற அறையை ஏற்றுக்கொள்கிறோம் என்ற நிபந்தனையோடு வரும் மலிவுக் கட்டணத்தில் இரண்டாவது பயணத்தை வாங்கியிருக்கிறார் ஏஜென்ட். எங்களிடம் வசூலித்ததோ பால்கனி அறையின் விலை. டிக்கெட்டில் அறை எண் இல்லையென்றால் 'அதே அறை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பயணமும் கப்பலுக்குத் தனிக் கணக்கு. முதல் பயணத்தின் கணக்கை அன்று காலையே முடித்து வங்கி அட்டையில் பிடித்துவிடுவார்கள். கப்பலில் செலவழிக்கச் சலுகைத் தொகை ஏதாவது கொடுத்திருந்தால் முந்தைய இரவுக்குள் செலவழித்துவிடுங்கள், பெரும்பாலும் அது அடுத்த பயணத்துக்குத் தொடராது. பானத் திட்டம், இணையத் திட்டம் இரண்டையும் புதிதாக வாங்க வேண்டும். சைவம், வெங்காயம் பூண்டு வேண்டாம் என்பதையெல்லாம் இரண்டாவது பதிவிலும் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். எங்களுக்கு முதல் இரவு பரிமாறியவர் பெரிய மீனோடு வந்து நின்றார். குறுகிய பயணங்களில் உணவுப் பட்டியலும் மேடை நிகழ்ச்சிகளும் மறுபடி அப்படியே வரும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிர்காப்புப் பயிற்சியும் மறுபடி உண்டு. சலித்துக்கொள்ளாமல் போய் நில்லுங்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் இத்தாலியக் கடற்கரையில் பாறையில் மோதியபோது, அன்று ஏறிய பயணிகளுக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று விதி கடுமையானது. இன்னொன்று: இடைப்பட்ட நாளில் ஊருக்குள் ஒரு சுற்றுப் போய் வருகிறவர்கள் சிகரெட்டைக் கப்பலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரில் சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பெட்டி என்றாலும் வரிதான். கப்பல் கடைசியாக மலேசியத் துறைமுகத்திலிருந்து வந்தால் மதுவுக்கும் விலக்கில்லை.

ஊருக்கு வந்து ஏஜென்டிடம் போனேன். "கப்பல்காரர்கள் தவறு சார், நாங்கள் என்ன செய்ய முடியும்" என்றார். இரண்டு பதிவிலும் பெயர் வேறு வேறாக இருக்கிற தாள்களை மேசையில் வைத்த பிறகு, நல்லெண்ண அடிப்படையில் 5,000 ரூபாய் தருகிறேன் என்றார். எதற்கு வாங்கினாரோ அதைக் கொடுக்காதவருக்கு இதில் எங்கிருந்து நல்லெண்ணம் வந்தது? ரசீதில் டிசிஎஸ் (விற்பவர் நம்மிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று ஒரு தொகையும் பிடித்திருந்தார். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு அப்படிப் பிடிப்பது சட்டப்படி சரிதான். ஆனால் பிடித்தால் அது நம் வருமான வரிக் கணக்கின் 26ஏஎஸ் படிவத்தில் தெரிய வேண்டும். எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நீங்களும் உங்கள் படிவத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முதலில் புகார் கொடுத்தேன். பதிலுக்கு ஏஜென்ட் அதே 5,000 ரூபாயைத்தான் மறுபடி காட்டினார். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை, இணையவழியிலேயே போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ரசீது, இரண்டு பயண டிக்கெட்டுகள், ஏஜென்டின் வாட்ஸ்அப் செய்திகள், அறை வாசலில் எடுத்த படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். "எங்கள் ஆள் பார்த்துக்கொள்வார்" என்று தொலைபேசியில் சொன்னதை அன்றிரவே வாட்ஸ்அப்பிலும் அனுப்பியிருந்தார், புண்ணியவான். அது மனுவில் முதல் இணைப்பு.

வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நீங்கள் யாரிடம் போனாலும் முன்பணம் கட்டும் முன் இரண்டு பதிவு எண்களையும் வாங்கிக் கப்பல் நிறுவனத்துக்கு நீங்களே எழுதுங்கள்: இரண்டிலும் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, இரண்டும் இணைந்திருக்கின்றனவா, அறை எண் என்ன. பதிவு எண்ணைத் தர மறுக்கிறவரிடம் பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.