இரண்டாண்டு கேட்ட பிறகு: ஒலி உரையாடலில் செவ்விலக்கியம்

செவ்விலக்கிய உரையாடல்களை ஒலிவடிவில் தரும் செயலியின் ஆண்டுச் சந்தா பாதியாகக் குறைந்திருக்கிறதே, சேரலாமா என்று மயிலாடுதுறை நண்பர் கேட்டிருந்தார். இரண்டாண்டுகளாக நான் அதைக் கேட்டு வந்தேன். விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது, கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மடை மாற்றியபடியே கேட்பது என் வழக்கமாக இருந்தது.

பள்ளியில் மனப்பாடச் செய்யுளாக நின்றுபோயிருந்த, சிலப்பதிகாரத்தின் கானல்வரியை எனக்குத் திறந்துவிட்டவை அந்த உரையாடல்கள்தாம். புகார்க் கடற்கரையில் யாழெடுத்த கோவலன், சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் ஊடாத காவிரியைப் 'புலவாய் வாழி காவேரி' என்று பாடுகிறான். மாதவியோ, உன் கணவனாகிய சோழனின் செங்கோல் வளையாததால் அல்லவா நீ இப்படி நடக்கிறாய் என்னும் பொருள்பட 'நடந்தாய் வாழி காவேரி' என்கிறாள். பெண்ணின் பொறுமையை அவன் புகழ, அந்தப் பொறுமை ஆணின் நேர்மையைப் பொறுத்தது என்று அவள் அதே ஆற்றின் பெயராலேயே விடை சொல்கிறாள் என மூத்த பேராசிரியர் விளக்கியபோது, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தப் பகுதி முடியும்வரை வரப்பிலேயே நின்றுவிட்டேன்.

இவ்வளவு தந்தவர்கள் அந்தப் பாட்டை ஒருமுறைகூட முழுதாக வாசிக்கவில்லை என்பதுதான் என் தீராத குறை. 'மருங்கு வண்டு சிறந்து ஆர்ப்ப' என்று பேராசிரியர் தொடங்குவார். அடுத்த அடிக்குப் போவதற்குள் உடன் பேசுபவர் 'அதாவது' என்று புகுந்துவிடுவார். வண்டைப் பற்றிய பேச்சு முடிந்து 'மணிப்பூ ஆடை' வரும்போது ஓசை அறுந்துபோயிருக்கும். கானல்வரி யாழோடு பாடப்பட்ட இசைப்பாட்டு. அதன் ஓட்டத்தைக் காதுக்குத் தராமல் பொருளை மட்டும் தருவதற்கு அச்சிட்ட உரை போதுமே! இரண்டு முறை எழுதிக் கேட்டேன். பணிவான பதில் வந்தது, மாற்றம் வரவில்லை.

அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. கும்பகோணம் கல்லூரியில் பணியாற்றிய உ.வே.சாமிநாதையர் 1880-இல், தம்மைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பிய சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததிலிருந்து, 1887-இல் சீவக சிந்தாமணியும் 1892-இல் சிலப்பதிகாரமும் அச்சேறியது வரையிலான பகுதிகளில், ஏட்டில் புள்ளியும் சொற்பிரிப்பும் இல்லாத ஓர் அடியை மூன்று விதமாகப் பிரித்து நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார்கள். சாமிநாதையர் பட்ட பாடு எத்தகையது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அங்கே காட்டிய பொறுமையை மாதவியின் பாட்டுக்கு ஏன் காட்டவில்லை என்ற கோபமும் அன்றுதான் முற்றியது.

சேருங்கள், உ.வே.சா. பகுதிகளுக்காக மட்டுமே அந்தத் தொகையைக் கொடுக்கலாம் என்று நண்பருக்கு எழுதிவிட்டேன். நான் இந்த ஆண்டு புதுப்பிக்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, மடையடியில் நின்று கானல்வரியை நானே வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன்.