மரீனா அணைக்கட்டா, மெக்ரிச்சியா?

போன மாதம் ஊரிலிருந்து அம்மா சிங்கப்பூர் வந்திருந்தார். ஞாயிறு மாலை எங்காவது தண்ணீர்ப் பக்கம் கூட்டிப்போகலாம் என்றதும் வீட்டில் இந்த இரண்டு பெயர்கள்தான் அடிபட்டன. மரீனாவுக்குப் போனோம். மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன்.

அழகு மெக்ரிச்சியில்தான். 1868இல் கட்டிய, சிங்கப்பூரின் முதல் நீர்த்தேக்கம். சுற்றிலும் காடு, நல்ல நிழல். குரங்குகளும் உண்டு, பிளாஸ்டிக் பையைக் கண்டால் விடாது. ஆனால் காடு என்றால் நடை. அந்த 250 மீட்டர் தொங்குபாலத்துக்குப் போய்ச் சேரவே பல கிலோமீட்டர் ஆகும், வழியில் வேரும் படியும் வேறு. அம்மாவுக்கு முழங்கால் வலி.

மரீனாவில் அணையோடு சேர்ந்த கட்டடத்தின் கூரைக்கு ஏறப் படியே வேண்டாம். கட்டடத்தை வளைத்துக்கொண்டு ஒரு சரிவுப் பாதை மெல்ல மேலே போகிறது. அம்மா இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார், அவ்வளவுதான். மேலே புல்தரை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மகன் பட்டத்தோடு ஓடினான். ஒரு பக்கம் கடலில் கப்பல்கள், மறுபக்கம் குடிநீருக்கான ஏரி.

“கடலை ஒட்டி எப்படிப்பா நல்ல தண்ணி?” என்றார். கடலில் போய்ச் சேரும் மரீனா வாய்க்காலின் குறுக்கே 350 மீட்டருக்கு 9 மதகுகளோடு அணை கட்டி 2008இல் திறந்தார்கள். மழைநீர் சேரச் சேர உப்பு கழிந்து 2010இல் நன்னீரானது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் மழை இங்கேதான் வடிகிறது. கனமழையின்போது கடல் வற்றியிருந்தால் மதகுகளைத் தாழ்த்தி நீரை வெளியே விடுவார்கள். கடல் ஏறியிருந்தால் 7 ராட்சத பம்புகள் இறைத்துக் கொட்டும். சைனாடவுன், ஜாலான் புசார் போன்ற தாழ்வான இடங்களுக்கு வெள்ளத்திலிருந்து காவல் இதுதான். “காலையில் முருங்கைக்காய் வாங்கினோமே, தேக்கா, அங்கே பெய்யும் மழையும் ரோச்சோர் கால்வாய் வழியாக இங்கே வந்துவிடும்” என்றேன். அம்மா எட்டி இன்னொரு முறை தண்ணீரைப் பார்த்தார்.

குறை ஒன்று உண்டு: கூரையில் நிழலே கிடையாது. 5 மணிக்கு முன்னால் போகாதீர்கள். மெக்ரிச்சிக்கு நான் மூன்று முறைதான் போயிருக்கிறேன், படகும் விட்டதில்லை. தினமும் அங்கே ஓடுபவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். முழங்கால் நன்றாக இருந்து, காலை 7 மணிக்கே கிளம்ப முடிந்தால், சரி, மெக்ரிச்சிக்கே போங்கள்.