எனாக்சபாரின் சிரிஞ்ச்: வீட்டில் போட்டுக்கொள்ள ஏற்றதா?

காலின் ஆழமான ரத்தக்குழாயில் உறைவு வந்தவர்களுக்கும், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டு மாற்று அறுவை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கும் டாக்டர்கள் அதிகம் எழுதித் தரும் ஊசி எனாக்சபாரின். க்ளெக்சேன் என்றால் பலருக்குச் சட்டென்று விளங்கும். இதே மருந்தை வேறு கம்பெனிகளும் விற்கின்றன. மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சும் உண்டு, பல டோஸ் எடுக்கும் குப்பியும் உண்டு. வீட்டில் போடுவதற்கு சிரிஞ்சையே வாங்குங்கள். குப்பியிலிருந்து அரை மி.லி.க்கும் குறைவாக உறிஞ்சும்போது அளவு பிசகுவது மிகச் சுலபம்.

சிரிஞ்சின் பெரிய பலம், 20 முதல் 100 மி.கி. வரை எல்லா அளவிலும் கணக்கு ஒன்றுதான்: 0.1 மி.லி.யில் 10 மி.கி. மருந்து. 40 மி.கி. சிரிஞ்சில் 0.4 மி.லி., 60-இல் 0.6 மி.லி. உறைவு வராமல் தடுக்க வழக்கமாக நாளுக்கு ஒருமுறை 40 மி.கி. வந்துவிட்ட உறைவுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு மருந்து உடம்பில் தேங்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் இந்த அளவுகளைத் தொடக் கூடாது.

குறை எங்கே என்றால், க்ளெக்சேன் 20, 40 மி.கி. சிரிஞ்சுகளில் அளவுக்கோடு கிடையாது. முழுசாகப் போடத்தான் அவை. '40-இல் பாதி' என்று கண்ணளவில் போடவே கூடாது. 60 முதல் 100 மி.கி. வரையிலான சிரிஞ்சுகளில் கோடு உண்டு, ஒரு கோட்டுக்கு 2.5 மி.கி. டாக்டர் 55 மி.கி. எழுதியிருந்தால் 60 மி.கி. சிரிஞ்சை ஊசிமுனை தரையைப் பார்க்கும்படி பிடித்து, இரண்டு கோடு மருந்தை வெளியே தள்ளிவிட்டு, மீதியைப் போட வேண்டும்.

முனையைக் கீழே பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளே தெரியும் சின்னக் காற்றுக்குமிழி அப்போது மேலே, பிளஞ்சர் (மருந்தைத் தள்ளும் தண்டு) பக்கம் நிற்கும். மற்ற ஊசிகளில் பழகிய கை, சிரிஞ்சை நிமிர்த்தித் தட்டிக் காற்றை வெளியேற்றப் பார்க்கும். இங்கே அதைச் செய்யாதீர்கள். காற்றோடு மருந்தும் போய்விடும், 40 மி.கி. சிரிஞ்சில் எவ்வளவு போனது என்று பார்க்கக் கோடும் இல்லை. தோலுக்கடியில் போகும் அந்தக் குமிழியால் ஆபத்து ஒன்றும் இல்லை. முனையில் ஒரு துளி தொங்கினால் மட்டும், முனை கீழே இருக்கும்படியே மெல்லத் தட்டி உதிர்த்துவிடுங்கள்.

போடும் இடம் வயிறு. தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளி, இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம். தழும்பு, ரத்தக்கட்டு உள்ள இடம் வேண்டாம். ஸ்பிரிட் துடைத்தால் காய விடுங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும். உட்கார்ந்தோ படுத்தோ, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் சதையை மடித்துப் பிடித்து, ஊசியை நேர் செங்குத்தாக முழுவதும் உள்ளே இறக்குங்கள். பிளஞ்சரைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம். மெதுவாக, பத்து விநாடிக்குக் குறையாமல் அழுத்துங்கள். ஊசி வெளியே வரும்வரை மடிப்பை விடாதீர்கள். அவசரமாகத் தள்ளுவதும், போட்ட பிறகு பழக்கதோஷத்தில் தேய்ப்பதும்தான் வயிறெல்லாம் நீலம் பாய வைக்கின்றன. கசிந்தால் பஞ்சை வைத்து லேசாக அழுத்தினால் போதும்.

சில பிராண்டுகளில் ஊசிமுனையைத் தானே மூடும் காப்பு உண்டு. கொஞ்சம் விலை கூடினாலும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதையே எடுங்கள். ஊசியை எடுத்த பிறகு பிளஞ்சரை ஓங்கி அழுத்தினால் 'டக்' என்ற சத்தத்தோடு உறை வந்து மூடும். சிரிஞ்ச் முழுசாகக் காலியானால்தான் இது வேலை செய்யும். கூடுதல் மருந்தை முன்பே வெளியேற்றாமல், கோடு வந்ததும் பாதியில் நிறுத்தினால் முனை திறந்தேதான் இருக்கும்.

உணவு விஷயத்தில், ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரினைவிட இது நிம்மதி: முருங்கைக்கீரை, முட்டைக்கோஸ் எதற்கும் கணக்குப் பார்க்க வேண்டாம். வலி மாத்திரையில்தான் கவனம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், டாக்டர் சொல்லாத ஆஸ்பிரின் எல்லாம் ரத்தக்கசிவைக் கூட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வார்ஃபரினுக்கு மாற்றும்போது இரண்டும் சில நாள் சேர்ந்தே போகும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) போதுமான அளவு ஏறிவிட்டது என்று டாக்டர் சொல்வதற்குள் ஊசியை நிறுத்தாதீர்கள். ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடுவது தவறு. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடப் போகிறார்கள் என்றால் கடைசி எனாக்சபாரின் எத்தனை மணிக்குப் போட்டது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கறுப்பு மலம், சிவந்த சிறுநீர், நிற்காத ரத்தக்கசிவு, திடீர்க் கடுமையான தலைவலி, தலையில் அடி, இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஊசி தொடங்கி ஐந்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பிளேட்லெட் பாதியாகக் குறைந்தால், அது எனாக்சபாரினும் சேர்ந்த ஹெப்பாரின் வகை மருந்துகளுக்கே உரிய ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது ரத்தம் கசிவதைவிடப் புதிதாக உறைவதுதான் பெரிய பயம். பிளேட்லெட் டெஸ்ட் எழுதியிருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மருந்து பன்றிக்குடலின் உட்சவ்விலிருந்து தயாராவது. அதில் மனத்தடை உள்ளவர்கள் முன்பே கேட்டால், முழுக்கச் செயற்கையான ஃபோன்டாபாரினக்ஸ் பொருந்துமா என்று டாக்டர் பார்ப்பார்.

வாங்கும்போது கேட்ட மி.கி. அளவுதானா, காலாவதித் தேதி எப்போது, மருந்து தெளிவாக இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்கள். வெயில் படாத குளுமையான அலமாரி போதும். உறைந்துபோனதைப் பயன்படுத்தக் கூடாது. தீர்ந்த சிரிஞ்சுகளைக் குப்பைத்தொட்டியில் வீசாமல், திருகுமூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, ஆஸ்பத்திரிக்கு அடுத்தமுறை போகும்போது கொடுத்துவிடுங்கள்.