பூஸ்ட்டைக் கொடுத்தால் குதிரைத்திறன் சொல்லும் ஆப்: 5-க்கு 3

டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் கருவி; அது கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்தான் பூஸ்ட். அந்த பூஸ்ட் எவ்வளவு என்று கொடுத்தால் இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் தரும் என்று சொல்லும் மொபைல் ஆப் ஒன்றை நாலு மாதமாக வைத்திருக்கிறேன். விளம்பரத் தொல்லை இல்லை, நெட் இல்லாமலும் ஓடுகிறது. அதற்கே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டேன்.

என் கார் 1.6 லிட்டர் பெட்ரோல். கம்பெனிக் கணக்குப்படி 110 குதிரைத்திறன். சின்ன டர்போ ஒன்றைப் பொருத்தி 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) பூஸ்ட் வைக்கும் யோசனையில் இருந்தேன். முதல் தடவையே சொதப்பல். என் பூஸ்ட் மீட்டர் 'பார்' என்ற வேறோர் அழுத்த அலகில் காட்டும். அந்தப் பழக்கத்தில் 0.5 என்று தட்டினேன். 114 என்று வந்தது. இத்தனை செலவும் 4 குதிரைக்கா என்று தூக்கிவாரிப் போட்டது. அப்புறம்தான் பார்த்தேன், கட்டத்தின் ஓரத்தில் எறும்பு சைஸில் 'பிஎஸ்ஐ' என்று போட்டிருக்கிறார்கள். 0.5 பார் என்றால் 7 பிஎஸ்ஐக்குச் சற்று மேல்.

7 என்று மாற்றியதும் 162. கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ, அதோடு 7 சேர்த்தால் 21.7. அதை 14.7-ஆல் வகுத்தால் 1.476. 110-ஐ அதால் பெருக்கினால் 162. அவ்வளவுதான். இதற்கு ஒரு ஆப் எதற்கு, பழைய பில்லின் பின்பக்கம் போதாதா?

வில்லங்கம் சூட்டில் இருக்கிறது. காற்றை அமுக்கினால் சூடேறும், சூடேறினால் அடர்த்தி குறையும். 27 டிகிரியில் உள்ளே போகும் காற்றை 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸர் (டர்போவில் காற்றை அமுக்கும் பகுதி) 7 பிஎஸ்ஐக்கு அமுக்கினால், வெளியே வரும்போது 77 டிகிரி வாக்கில் இருக்கும். அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இல்லை என்றால் அந்த 1.476 வெறும் 1.26 ஆகிவிடும்; 162 போய் 139. டர்போவைப் பொருத்தியபின் ஒரு ஓட்டம் முடித்து பானெட்டைத் திறந்து, இன்டர்கூலருக்கு முன்னால் இருக்கும் குழாயைத் தொட்டேன். விரல் சுரீர் என்றது. பின்னால் இருக்கும் குழாய் வெதுவெதுப்புதான். ஆனால் இந்த ஆப், காற்று சூடே ஆகவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெப்பநிலைக் கட்டங்கள் இருக்கின்றன, 'மேலும்' என்பதற்குள் ஒளிந்துகொண்டு. அங்கே போய் இன்டர்கூலர் தாண்டியபின் 42 டிகிரி, வழியில் அரை பிஎஸ்ஐ இழப்பு என்று நிரப்பினால் 151 என்கிறது. அது நியாயமான எண்.

காரை டைனோவில், அதாவது சக்கரத்துக்கு வரும் சக்தியை அளக்கும் இயந்திரத்தில், ஏற்றினேன். சக்கரத்தில் வந்தது டர்போ பொருத்துவதற்கு முன்பு 94, பொருத்திய பிறகு 125. 162-ஐ மனதில் வைத்துப் போகிறவர் நொந்துபோவார். இன்ஜினில் அளப்பது வேறு, கியர்பாக்ஸ் தின்றது போகச் சக்கரத்துக்கு வருவது வேறு. சக்கரத்தைச் சக்கரத்தோடு ஒப்பிட்டால் எனக்குக் கிடைத்தது 33 சதவீதம். 'மேலும்' கணக்கு சொன்னது 37. மீதியை எக்ஸாஸ்ட் பக்கத்து எதிரழுத்தமும், நாக்கிங்குக்கு, அதாவது எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் தானே வெடிப்பதற்கு, பயந்து நான் தள்ளிவைத்த இக்னிஷன் டைமிங்கும் (தீப்பொறி போடும் நேரம்) விழுங்கியிருக்கும். அதையெல்லாம் ஒரு ஆப்பிடம் எதிர்பார்ப்பது பேராசை.

உயரக் கணக்கு மட்டும் அருமை. 2000 மீட்டர் என்று போட்டால் காற்றழுத்தத்தை 11.5 பிஎஸ்ஐக்கு இறக்கி, டர்போ இல்லாமல் 86, அதே 7 பிஎஸ்ஐ பூஸ்ட்டோடு 138 என்று பக்கத்துப் பக்கத்தில் காட்டுகிறது. மலை ஏறுகிறவர்களுக்கு டர்போ ஏன் பிடிக்கிறது என்பது அந்த இரண்டு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

ஆப் செய்தவர்களே, வெப்பநிலையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், பாருக்கு ஒரு பட்டன் வையுங்கள். நாலாவது நட்சத்திரம் அன்றைக்குத்தான்.