பொள்ளாச்சிப் பக்கம் ஆர்ட்டீமியா முட்டை வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், கோவிந்தாபுரம் பக்கம் தொட்டியில் கோரிடோரஸ் என்கிற சின்ன அலங்காரக் கெளுத்தி வளர்க்கிற எல்லோரும் இதைப் படியுங்கள். ஆர்ட்டீமியா என்பது உப்பு ஏரியில் வாழ்கிற ஒரு பொடி இறால் வகை; அதன் முட்டையைப் பொரிக்க வைத்து மீன் குஞ்சுக்கு உயிர்த்தீனியாகக் கொடுப்போம். மீன் சாமான் வாங்க நாமெல்லாம் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம்தான் போகிறோம். அங்கே ஒரு கடையில் "பொரிக்கிற ஆர்ட்டீமியா முட்டை" என்று சொல்லி 50 கிராம் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ஒரு முட்டைகூடப் பொரியவில்லை. என் கோரிடோரஸ் குஞ்சுகளில் பெரும்பாலானவை பட்டினியாகவே செத்துப்போயின.

இந்தக் கெளுத்தி, பெரும்பாலும் தண்ணீர் கொஞ்சம் குளிர்ந்தால் முட்டையிடும். மழை பிடித்ததும் எங்கள் வீட்டுத் தொட்டியில் கண்ணாடி முழுக்க ஒட்டி வைத்திருந்தது. விட்டால் பெரிய மீன்களே தின்றுவிடும். அதனால் முட்டைகளைத் தனி டப்பாவுக்கு மாற்றி, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடுகிற கல்) போட்டு, பூஞ்சை பிடிக்காமலிருக்க நாட்டுப் பாதாம் இலையும் போட்டேன். நாலைந்து நாளில் பொரிந்துவிடும். அதன் பிறகு குஞ்சின் வயிற்றிலுள்ள மஞ்சக்கருப் பை ஏறக்குறைய 2 நாள் தாங்கும். அது கரைந்த அன்றே வாய்க்கு அடங்குகிற உயிர்த்தீனி வேண்டும். அந்த நேரத்துக்கென்றுதான் அந்த முட்டையை வாங்கினேன்.

ஆர்ட்டீமியா முட்டையைப் பொரிக்க வைத்தது இப்படித்தான்: லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்பு, நிற்காத காற்று, மேலே விளக்கு, 28 டிகிரி சூடு. நல்ல முட்டையாக இருந்தால் 24 மணி நேரத்தில், மிஞ்சினால் 36 மணி நேரத்தில் ஆரஞ்சு நிறத்தில் துள்ளும். இதுவோ பழுப்பு மண்ணாய் அடியில் படிந்து நாற்றமெடுத்தது. கடைக்காரருக்குப் போன் போட்டால், "உங்க போர்த்தண்ணிதான் சரியில்லீங்க தம்பி, பாலக்காட்டுப் பக்கம் எல்லாருக்கும் இதே கதைதான்" என்றார். பக்கத்து ஊர் நண்பர் ஒருவர் தன் டின்னிலிருந்து ஒரு சிட்டிகை கொடுத்தார். அதே தண்ணீர், அதே உப்பு, அதே பம்ப். மறுநாளே பொரிந்தது. உப்பு ஏரியில் வாழ்கிற உயிருக்கு போர்த்தண்ணி ஆகாது என்று ஒரு மனுஷன் கூசாமல் சொல்கிறார்!

அதற்குமேல் ஒரு யோசனை வேறு: அவித்த மஞ்சக்கருவைக் கரைத்து ஊற்றச் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். கோரிடோரஸ் குஞ்சு தரையிலேயே கிடக்கிற ஜீவன். மஞ்சக்கரு அடியில் படிந்து அழுகினால் அமோனியா ஏறும், மீசை கரையும், குஞ்சு சாகும். நண்பர் கொடுத்த மைக்ரோ வோர்ம் என்கிற பொடிப் புழுதான் மிச்சமிருந்தவற்றைக் காப்பாற்றியது.

பொட்டலத்தில் பேர் இல்லை, தேதி இல்லை, யார் கட்டியது என்றும் இல்லை. பெரிய டின்னைத் திறந்து வைத்து சில்லறையாய்க் கட்டிக் கொடுக்கிறார்கள். நம்மூர் ஈரக் காற்றில் திறந்து கிடந்தால் முட்டை பொரிகிற திறனை இழந்துவிடும். ஓடு நீக்கி உலர்த்தியதையும் சிலர் இதே பேரில் தள்ளுகிறார்கள். அது நல்ல தீனிதான், ஆனால் பொரியாது. சீல் உடைக்காத, தேதி போட்ட டின்னாக வாங்குங்கள். கெளுத்தி முட்டையிட்ட அன்றே ஒரு சிட்டிகை போட்டுச் சோதித்தும் விடுங்கள். குஞ்சு பொரிகிற வரை காத்திருந்தால் வேறு வாங்க நேரமிருக்காது.

"நீங்க கேரளா, எங்க போய்க் கேஸ் போடுவீங்க?" என்றும் அந்தக் கடைக்காரர் கேட்டார். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் நமக்குப் பாலக்காடு போதும். 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையான சரக்குக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யலாம். கட்டிய பொட்டலத்தில் கட்டியவர் பேர், முகவரி, தேதி, விலை இல்லாமல் விற்பதே 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிப்படி தவறு.

யுபிஐ ரசீதும் மிச்சப் பொட்டலமும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். லேபிள் இல்லாத இதே மாதிரிப் பொட்டலம் உங்களிடமும் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். போட்டோ எடுத்து, வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். சேர்ந்தே புகார் கொடுப்போம்.