ஐ7 என்றால் எந்த ஜெனரேஷன்? கேட்காமல் வாங்கி 24,500 ரூபாயில் மாட்டிக்கொண்டேன்

குடியாத்தத்தில் வீட்டோடு பத்திரிகை டிசைன், ஆல்பம், விசேஷ வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பழைய கம்ப்யூட்டர் 2025 ஏப்ரலில் படுத்துவிட்டது. வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எனக்கு அது வருஷத்திலேயே பெரிய வேலை. சீட்டு எடுத்த பணத்தோடு வேலூர் பஸ் ஏறினேன். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி வியாபாரம் பல ஊரில் நடக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் கேட்டது புது ஐ3. ஐ3, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பெனியின் ப்ராசஸர் வகைகள், அதாவது கம்ப்யூட்டரின் மூளை. ஜெனரேஷன் என்பது அது எத்தனையாவது தலைமுறை என்பது. கடைக்காரர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஐ3-யா? அது ஸ்கூல் பசங்களுக்கு வாங்கறது, அக்கா. வீடியோ வேலைக்கு ஐ7 எடுத்துக்கோங்க. புது ஐ3 செட்டைவிட விலையும் கம்மி." கண்ணாடி பதித்த கேபினட், கலர் கலராக எரியும் ஃபேன், முன்னால் பளபளவென்று ஐ7 ஸ்டிக்கர். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 24,500 ரூபாய். பில்லில் "ஐ7 சிஸ்டம் - 1" என்று ஒரே வரி. ஐ3-ஐவிட ஐ7 மட்டமாக இருக்குமா என்று நம்பிக் கட்டினேன்.

திருவிழா முடிந்த மறுநாள் போட்டோகிராஃபர் தம்பி பென் டிரைவ் கொண்டுவந்து கொடுத்தார். பாதி கேமராவில் எடுத்தது, பாதி போனில் 4கே-யில் எடுத்தது. கேமரா வீடியோ ஓடியது. போன் வீடியோவைப் போட்டதும் அம்மன் சிரசு ஊர்வலம் நின்று நின்று நகர்ந்தது. மேளச் சத்தம் ஒரு பக்கம் போக, படம் இரண்டு விநாடி பின்னால் வந்தது. இருபது நிமிஷ வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் 61 சதவீதம். அறை முழுக்க அனல். சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை.

காட்பாடியில் இருக்கும் என் தம்பி வந்து கேபினட்டைத் திறந்தான். "இன்னாக்கா இது, டிடிஆர்3 ரேம் போட்டுகீறான்!" என்றான். அது பழைய வகை ரேம். கூலரைக் கழற்றி, காய்ந்து மண்ணாகக் கிடந்த பேஸ்டைத் துணியால் துடைத்தான். கீழே தகட்டில் ஐ7-2600 என்றிருந்தது. அது 2011 ஜனவரியில் வந்த ப்ராசஸர். பதினாலு வருஷப் பழசு. போர்டு மட்டும் புதிதாகச் செய்த, பெயர் தெரியாத கம்பெனியின் எச்61, அந்தப் பழைய ப்ராசஸருக்கான வகை.

நியாயமாகச் சொல்கிறேன், வந்த காலத்தில் அது அருமையான ப்ராசஸர். டைப்பிங், கணக்கு வேலைக்கு இன்றைக்கும் ஓடும். பழசு என்று சொல்லி, பழசுக்கான விலையில் விற்றிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் எனக்கு வந்த மெசேஜ் "புத்தம் புது சிஸ்டம், ஒரு வருஷ வாரண்டி."

எண்களை மட்டும் பார்த்தால் யாரும் ஏமாந்துவிடுவோம். நான் கேட்ட ஐ3-12100, 2022 ஜனவரியில் வந்தது. அதிலும் 4 கோர் (கணக்குப் போடும் பகுதி), 8 த்ரெட் (ஒரே சமயத்தில் ஓட்டும் வேலை வரிசை). என் தலையில் கட்டிய 2600-லும் 4 கோர், 8 த்ரெட். அடிப்படை வேகம் அதில் 3.3 கிகாஹெர்ட்ஸ், இதில் 3.4. பழசுதான் ஒரு படி மேல் மாதிரி தெரியும்! ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் புதியது முடிக்கிற வேலை மிக அதிகம். தேவைப்படும்போது 4.3 வரை ஏறும், பழசு 3.8-லேயே நின்றுவிடும். ஒரே கோரை வைத்து ஒப்பிட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். அதைவிட என் வேலைக்கு முக்கியமானது வேறு. இப்போது பல போன்கள் வீடியோவை எச்.265 என்ற சுருக்கும் முறையில் பதிகின்றன. அதை விரித்துக் காட்டும் தனிப் பகுதி 2600-க்குள் கிடையாது. எல்லாச் சுமையும் கோர்களின் தலையில் விழும். 12100-ல் கிராஃபிக்ஸ் பகுதியே அதைப் பார்த்துக்கொள்கிறது. பெயர்க் கடைசியில் 'எஃப்' போட்ட 12100எஃப் வாங்கினால் அந்தக் கிராஃபிக்ஸே இருக்காது. சில நூறு மிச்சம் என்று அதில் விழுந்துவிடாதீர்கள், தனியாகக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கவேண்டி வரும்.

இன்னொன்று. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் ப்ராசஸர்கள் பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷனிலிருந்துதான். எனக்குப் போட்டுக் கொடுத்தது விண்டோஸ் 10. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது.

கடைக்குத் திரும்பப் போனேன். "ஐ7 கொடுத்தோமா இல்லையா? கேபினட் சீலை உடைச்சிட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார். கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்து, பில்லையும் வாட்ஸ்அப் மெசேஜையும் அனுப்பிப் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகத் தயாராக இருந்தேன். ஐந்து லட்சம் வரைக்குமான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போகலாம். அதற்குள் கடையிலிருந்தே போன் வந்தது. போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றையும் எடுத்துக்கொண்டு 11,000 கொடுத்தார்கள்.

இந்த மாதிரி டெஸ்க்டாப் ப்ராசஸரில் ஜெனரேஷன் பார்ப்பது சுலபம். ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை மறைத்துக்கொள்ளுங்கள். 2600-ல் மிச்சம் 2, அது இரண்டாவது. 12100-ல் மிச்சம் 12. கடையிலேயே சிஸ்டத்தை ஆன் பண்ணச் சொல்லி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம் போனால் முழுப் பெயர் வலது மூலையில் நிற்கும். இரண்டு நிமிஷ வேலை. நான் செய்யவில்லை.

கடைசியில் காட்பாடியில் ரயில் ஏறி, தம்பியோடு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். ப்ராசஸர் 10,400, எச்610 போர்டு 6,200, டிடிஆர்4 ரேம் 3,300. பழைய கேபினட்டையும் எஸ்எஸ்டியையும் வைத்துக்கொண்டேன். பில்லில் ஐ3-12100 என்றும் டப்பாவில் இருந்த சீரியல் நம்பரையும் எழுதி வாங்கிய பிறகுதான் ஜிபே செய்தேன். வீட்டுக்கு வந்து முதலில் போட்டது அந்தச் சிரசு ஊர்வலம்தான். மேளமும் படமும் ஒன்றாக வந்தன. அந்தப் போட்டோகிராஃபர் தம்பி மட்டும் ஆம்பூரில் வேறு ஆளிடம் வேலை கொடுக்கத் தொடங்கிவிட்டார். இன்னும் திரும்ப வரவில்லை.