பயிற்சிக்கு விட்ட குதிரை, வாடகைச் சவாரியில்

மலைப் பாதையில் பழக்கித் தருகிறோம் என்று குதிரையை வாங்கிக்கொண்டு போய், ஏரிக்கரையில் வாடகைச் சவாரிக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த முறை மாட்டியது அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய ஐந்து வயது கத்தியவார் இனப் பெட்டைக் குதிரை. 60 நாள் பயிற்சிக் கட்டணம், தீவனச் செலவு தனி, இரண்டும் முன்பணம். அதாவது சொந்தக்காரர் கையிலிருந்து ஒரு வருமானம், சுற்றுலா வந்தவர்கள் கையிலிருந்து இன்னொன்று. ஆள் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். எல்லா மலை ஊரிலும் இந்தக் கைவரிசை ஒரே மாதிரிதான் நடக்கிறது.

திரும்பி வந்த பெட்டை முதல் நாளே காட்டிக்கொடுத்துவிட்டது. சாலையோரம் கைப்பிடிச் சுவர் எங்கே வந்தாலும் தானாக நின்று, தலையை வெளிப்பக்கம் திருப்பி, அசையாமல் காத்திருந்தது. போட்டோ எடுக்க நிறுத்தி நிறுத்திப் பழகிய நிற்பு அது. அரை கிலோமீட்டர் தாண்டியதும் தானாக வீட்டுப் பக்கம் திரும்பியது. குதிகாலால் அழுத்தினால் காதுகூட அசையவில்லை.

காரணம் எளிது. ஒரு நாளைக்குப் பத்துப் பேர் ஏறுகிறார்கள். ஒருவர் பயத்தில் லகானைப் பிடித்துத் தொங்குகிறார், இன்னொருவர் சும்மா உதைத்துக்கொண்டே இருக்கிறார். குதிரை பார்ப்பது முன்னால் கயிறு பிடித்து நடக்கிறவரின் காலை மட்டும். முதுகில் இருப்பவர் கொடுக்கும் அழுத்தம் அதற்கு வெறும் தொந்தரவு, ஏனென்றால் என்ன செய்தாலும் அது விலகுவதில்லை. குதிரை அழுத்தத்தால் கற்பதில்லை. சரியாகச் செய்த அந்த நொடியில் அழுத்தம் விலகுவதால்தான் கற்கிறது. இரண்டு மூன்று நொடி தாமதித்தாலே வேறு எதையோ கற்றுக்கொண்டு போய்விடும்.

உடம்பிலும் சாட்சி இருந்தது. முன்னங்காலுக்குப் பின்னால், வயிற்றுப் பட்டை படும் இடத்தில் புண். உதட்டு ஓரத்தில் வெடிப்பு, நாக்கில் ஆறிய வெட்டு, இரண்டும் முள் கடிவாளத்தின் வேலை. இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகளிலேயே அது தடை செய்யப்பட்ட சாமான். போகும்போது புது லாடம், வரும்போது நுனி தகடாகத் தேய்ந்திருந்தது. மண் பாதையில் நடந்த லாடம் அவ்வளவு சீக்கிரம் அப்படித் தேயாது, தார் ரோடுதான் தேய்க்கும். எடைக் கணக்கும் யாரும் பார்க்கவில்லை. 350 கிலோ குதிரைக்குச் சேணத்தோடு சேர்த்து 70 கிலோ போதும்.

வாராவாரம் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்ததே என்பார்கள். எல்லா வீடியோவிலும் முன்னால் இன்னொரு குதிரை போய்க்கொண்டிருந்தது. முன்குதிரையின் வாலைப் பார்த்துப் போக எந்தக் குதிரைக்கும் பயிற்சி வேண்டாம். தனியாக, வீட்டுக்கு எதிர்த் திசையில், சொன்ன இடத்தில் திரும்பி நிற்கிற வீடியோவைக் கேளுங்கள். நேரில் போனாலும் சொல்லாமல் போங்கள். சொல்லிவிட்டுப் போனால், ஒரு மணி நேரம் வட்டம் ஓட்டிக் களைக்க வைத்த குதிரையைத்தான் காட்டுவார்கள். கண்ணிமை தொங்கி, தலை தாழ்ந்து, ஆண் குதிரையானால் குறி வெளியே தொங்கிக் கிடந்தால், அசிப்ரோமசின் மாதிரி மயக்க மருந்தைச் சந்தேகிக்கலாம். மேயும் இடத்திலிருந்து உங்கள் கண்முன்னே பிடித்து வரச் சொல்லிச் சேணம் கட்டச் சொல்லுங்கள்.

உண்மையான பாதைப் பயிற்சியில் பாதைதான் மைதானம். மரத்தைச் சுற்றி இரு பக்கமும் ஒரு வட்டம், விழுந்து கிடக்கும் கட்டையோரம் பக்கவாட்டில் நான்கு அடி, மேட்டில் நின்று இரண்டு அடி பின்னுக்கு. தொடக்கத்தில் 20 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள் போதும். ஓடையைக் கண்டு மிரண்டால் அடித்து இறக்கக்கூடாது. முகம் தண்ணீரைப் பார்த்தபடி இருக்க வேண்டும், பின்னுக்கு நகர்ந்தாலும் திரும்பி ஓட மட்டும் விடக்கூடாது. தலை தாழ்த்தி முகர்ந்தாலோ ஒரு அடி வைத்தாலோ உடனே லகானைத் தளர்த்த வேண்டும். லாரி, பஸ் பழக்க, எதிரே வருவதைக் காட்டாமல், முதலில் விலகிப் போவதன் பின்னால் தூரத்தில் நடத்துவது நல்லது. துரத்துகிற இடத்தில் இருக்கும் குதிரைக்குப் பயம் குறையும். சரிவில் நேராக இறக்க வேண்டும், குறுக்கே போனால் பின்னங்கால் வழுக்கும். ஏற்றம் முடிந்து பத்து நிமிடம் கழித்து நாடி நிமிடத்துக்கு 64-க்குக் கீழே இறங்கவில்லையென்றால் அன்றைய வேலை அதோடு சரி. ஓய்வும் புல்லும் தூரத்தில் கொடுத்து, லாயத்துக்குத் திரும்பியதும் கொஞ்சம் வேலை வாங்கினால் வீட்டைப் பார்த்து இழுக்கும் புத்தி குறையும். இவ்வளவும் செய்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று நான்கு குதிரைக்கு மேல் நேரம் கிடைக்காது. லாயத்தில் இருபது குதிரையைக் கட்டி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பழக்குகிறேன் என்றால், அதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது.

விடுகிற அன்றே வாய், முதுகு, நான்கு குளம்பு எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். யார் ஏறுவது, என்ன கடிவாளம், வாடகைக்கு விடுவதில்லை என்பது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் சேணத்தையே கொடுத்தனுப்புங்கள். பணத்தை 15 நாளுக்கு ஒரு தவணையாகக் கொடுங்கள். முழுப் பணமும் முன்னால் வேண்டும் என்று அடம் பிடித்தால் குதிரையை வண்டியிலிருந்து இறக்கவே இறக்காதீர்கள்.

கெட்டுப்போன பெட்டைக்கு முதலில் புண் ஆறும்வரை சேணம் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். பிறகு ஆள் ஏறாமல், கழுத்துக் கயிற்றில் நடத்தி, நில், நட, பின்னுக்கு என்று அரிச்சுவடியிலிருந்து. கைப்பிடிச் சுவரைக் கண்டு நிற்கும் பழக்கத்தை அடித்துத் தீர்க்க முடியாது. அது தானாக நிற்பதற்குப் பத்து அடி முன்னாலேயே நாம் கேட்டு நிறுத்தி, நாம் கேட்டுக் கிளப்ப வேண்டும். சுவருக்குச் சுவர், இரண்டு பக்கமும்.